வெங்காயம் விற்காத தெரு

எங்கள் தெருமுனைக் கடையில் எதையும் தொட்டுப் பார்த்து வாங்க முடியாது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனால் நாம் நிற்பதற்கு ஒரு பாய் விரிக்கும் அளவு இடம்தான் இருக்கும். அதற்கு அப்பால் கூரை வரைக்கும் தடித்த கண்ணாடி. கடைக்காரரும் சாமான்களும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம். வேண்டியதை நாம் சத்தம் போட்டுச் சொல்ல வேண்டும். அவர் எடுத்து ஒரு சுழலும் பெட்டியில் வைத்துத் திருப்பிவிடுவார். கண்ணாடியில் என் முகத்தின் உயரத்துக்கு மூன்று இடங்களில் வெடிப்பு இருக்கிறது. துப்பாக்கிக் குண்டு பட்ட இடங்கள் என்று பிறகுதான் தெரிந்தது. இந்த நாட்டுக்கு வந்த முதல் வாரம் அங்கே போய் 'அனியன்' கேட்டேன். அவருக்குக் கேட்கவில்லை. இன்னொரு முறை கத்தினேன். பெட்டி சுழன்று வந்தது. உள்ளே வெங்காய ருசியில் பொரித்த மா வளையங்கள், ஒரு சின்னப் பையில். நான் தலையை ஆட்டினேன். அவர் அதைத் திருப்பி எடுத்துக்கொண்டு, அதே வளையங்களைப் பெரிய பையில் அனுப்பினார்.

அந்தக் கடையில் வெங்காயம் இல்லை. தக்காளி இல்லை, கீரை இல்லை, அரிசி இல்லை. பியரும் சிகரெட்டும் சோடாவும் இனிப்பு ரொட்டியும் இருந்தன. இந்தப் பகுதி முழுவதும் அப்படித்தான். நாங்கள் வருவதற்கு முந்தைய ஆண்டு வரைக்கும் இரண்டு தெரு தள்ளி ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட் இருந்ததாம். ஒரு பகலில் பால் வைத்திருக்கும் குளிர்பெட்டிக்கு முன்னால் காவலாளியைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். கொஞ்ச நாளில் கதவுகளில் பலகை அடித்துக் கம்பெனி போய்விட்டது. இப்போது ஒரு கட்டு கீரை வாங்க நான் இரண்டு பஸ் ஏறவேண்டும். போக ஒன்றரை மணித்தியாலம், வர ஒன்றரை மணித்தியாலம். கார் இருப்பவர்களுக்கு இது ஒரு தூரமே இல்லை. எங்கள் தெருவில் கார் வைத்திருப்பவர்கள் குறைவு.

ஊரில் இருக்கும் என் அண்ணியிடம் இதை ஒருநாள் போனில் சொன்னேன். அமெரிக்காவில் மரக்கறி கிடைக்காதா என்று கேட்டுவிட்டு வெகுநேரம் சிரித்தார். நான் விளையாட்டுக்குச் சொல்வதாக நினைத்துக்கொண்டார். இதைப் படிக்கும் ஊர் ஆட்களும் அப்படித்தான் நினைப்பீர்கள். ஆனால் இதைப் புரிந்துகொள்ளக் கூடியவர்கள் யாராவது இருந்தால் அது நாம்தான்.

எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கை மலைநாட்டில், நோட்டன் பிரிட்ஜுக்கும் கினிகத்தேனைக்கும் நடுவில், பெரிய ரோட்டிலிருந்து வெகுதூரம் உள்ளே இருக்கிறது. சுற்றுலா வருகிறவர்கள் வான் வண்டியை நிறுத்திப் படம் எடுப்பார்கள். கண்ணுக்கு எட்டிய வரை பச்சை. அந்தப் பச்சையில் வாயில் வைக்கக்கூடியது ஒன்றுமில்லை. நுவரெலியா மரக்கறி எல்லாம் லொறிகளில் தலவாக்கலை, ஹட்டன், கினிகத்தேனை என்று இறங்கிக் கொழும்புக்குப் போய்விடும். சந்தைக்குப் போகும் நாட்களில் ரோட்டோரம் நின்று பார்ப்போம். முட்டைக்கோஸ் என்கிற கோவாவும் கரட்டும் லீக்ஸும் சாக்குச் சாக்காக நம்மைக் கடந்து போகும். கினிகத்தேனைச் சந்தையில் அதே கோவாவை வாங்கிக்கொண்டு, பஸ்ஸில் ஏறி, இறங்கி, எங்கள் வரிசை வீடுகளான லயத்துக்கு மலையேறுவோம். பஸ் ஓடியவரைக்கும் அது ஒரு குறையாகவே தோன்றியதில்லை.

நாட்டிலேயே டீசல் இல்லாத காலம் வந்தது. பஸ் நின்றது. தோட்டத்துக் கடையின் தட்டுகளில் சவர்க்காரமும் தீப்பெட்டியும் மட்டும் இருந்தன. நான் அப்போது பிள்ளைக்காம்பராவில் வேலை செய்தேன். கொழுந்து எடுக்கப் போகும் பெண்களின் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடம் அது. குழந்தைகள் சாப்பாட்டுக்கு அழுவது மாறி, அழாமல் படுத்துக்கிடக்க ஆரம்பித்தார்கள். ஒருநாள் கடைக்குக் கோதுமை மா வந்துவிட்டது என்று கேட்டு எல்லாரும் ஓடினோம். வரிசை என்று ஒன்று இருக்கவேயில்லை. இரண்டு பெண்கள் ஒரு மூட்டையை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்துக் கிழித்தார்கள். மா மண்ணில் கொட்டியது. மண்ணோடு சேர்த்து அள்ளினார்கள். அள்ளும்போது ஒருத்தி மற்றவளின் மணிக்கட்டைக் கடித்தாள். சதை பிய்ந்து தொங்கியது. கடித்தது என் அண்ணி. கோயில் திருவிழாவில் கூட்டத்தைக் கண்டால் ஒதுங்கி நிற்கிறவர். வீட்டுக்கு வந்ததும் வாயைக் கழுவிவிட்டு, மண்ணைச் சலித்து, ரொட்டி சுட்டார். நாங்கள் சாப்பிட்டோம். பல்லில் மணல் நறநறத்தது.

அதற்குப் பிறகுதான் எங்கள் லயத்துப் பெண்கள் கைவிட்ட மலையில் இறங்கினோம். பல வருஷமாகக் கொழுந்து எடுக்காமல் மானாப்புல் மண்டிப்போயிருந்த தேயிலை மலை அது. வேலை முடிந்த பின்னேரங்களில் புல்லை வெட்டி, தேயிலைக் கட்டைகளைக் கிளப்பி, உருளைக்கிழங்கும் போஞ்சி அவரையும் போட்டோம். என் அண்ணன் சந்திரன் சரிவில் கல் அடுக்கிக் கொடுத்தார். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்பார்கள் என்று தெரியும். மூன்று மாதத்தில் கிழங்குச் செடி முழங்கால் உயரம் வந்தது. இன்னும் இரண்டு வாரத்தில் தோண்டலாம் என்று பிள்ளைகளுக்குக்கூடச் சொல்லிவிட்டோம்.

ஒரு காலையில் தோட்டத்து உதவி மனேஜர் சின்னதொரை நாலு காவல் வாச்சர்களோடு வந்தார். தோட்டத்துக் காணியில் ஒருத்தருக்கு விட்டால் நாளைக்கு எல்லாரும் வருவார்கள் என்றார். பிடுங்கச் சொன்னார். பெண்கள் மண்ணாங்கட்டியை எடுத்து எறிந்தார்கள். ஒரு கட்டி நெற்றியில் பட்டதும் சின்னதொரை ஜீப்பை நோக்கி இறங்கி ஓடினார். மூன்று வாச்சர்களும் அவருக்குப் பின்னால் ஓடினார்கள். ஒருவர் மட்டும் பிடுங்குவதை நிறுத்தவில்லை. அவர் எங்கள் லயத்திலேயே இருக்கும் முத்தையா அண்ணன். அவருடைய இரண்டு பிள்ளைகளும் என் பிள்ளைக்காம்பராவில்தான் இருந்தார்கள். செடியைப் பிடுங்கி, கீழே தொங்கிய எலுமிச்சை அளவுக் கிழங்குகளைச் சப்பாத்துக் காலால் மிதித்தார். அண்ணி போய் அவர் காலைக் கட்டிக்கொண்டார். அவர் காலை உதறினார். அண்ணி உருண்டு போய் வடிகால் கானில் விழுந்தார். கல்லில் நெற்றி மோதிய சத்தம் எனக்குக் கேட்டது. எழுந்திருக்க முயன்றபோது முகம் முழுவதும் இரத்தம்.

என் கையில் மம்பட்டி இருந்தது. எப்போது எடுத்தேன் என்று நினைவில்லை. முத்தையா அண்ணன் அடுத்த செடிக்குக் குனிந்திருந்தார். பின்னால் போய், மம்பட்டியின் பின்பக்கத்தைத் திருப்பி, அவர் தலையின் வலப்பக்கத்தில் என் பலம் முழுவதையும் சேர்த்து இறக்கினேன். அவர் சத்தமே போடவில்லை. முழங்காலில் விழுந்து, பிறகு முகம் குப்புற விழுந்தார். காதிலிருந்து இரத்தம் மெல்ல வந்து மண்ணில் இறங்கியது. இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை எழுதுகிறேன். அந்த நேரத்தில் எனக்குப் பயமோ இரக்கமோ வரவில்லை. சந்தோஷமாக இருந்தது. இன்னொரு அடி போட வேண்டும் என்று கை ஓங்கியது.

ஓங்கிய கையை, சத்தம் கேட்டு ஓடிவந்த என் அண்ணன் பிடித்துக்கொண்டார். என் கணவர் குமாருக்கு அமெரிக்க விசா லொத்தர் குலுக்கலில் பெயர் விழுந்திருந்த நேரம் அது. நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பொலிஸ் சான்றிதழ் கேட்டிருந்தார்கள்.

"மம்பட்டிய இங்க குடு," என்றார் அண்ணன். "ஒனக்குப் பொலிஸ் ரிப்போட்டு சுத்தமா இருக்கணும். நீ போயி பிள்ளைக்காம்பராவத் தொற. பிள்ளைங்க வந்துரும்."

நான் போனேன். கையைக் கழுவிவிட்டுக் கதவைத் திறந்தேன். முத்தையா அண்ணனின் சின்னப் பிள்ளையும் வந்தது. அதைத் தூக்கி வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாகப் பொலிஸ் ஜீப் ஏறிவருவதைப் பார்த்தேன்.

அந்த மலையில் இருந்த அத்தனை பெண்களும் பார்த்தார்கள். ஒருத்தியும் என் பெயரைச் சொல்லவில்லை. அண்ணன் தானே அடித்ததாகச் சொன்னார். விளக்கமறியல் சிறையில் சில வாரங்கள் இருந்துவிட்டு வந்தபோது முன்பற்கள் இரண்டு இல்லை. எப்படி என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. தோட்டத்தில் பெயரை வெட்டி வேலையை நிறுத்திவிட்டார்கள். லயக்காம்பராவை விட்டு அண்ணியோடு கினிகத்தேனைக்கு இறங்கி, ஒரு இரும்புக்கடையில் மூட்டை தூக்கப் போனார். முத்தையா அண்ணன் பிழைத்தார். வலது காது கேட்காமல் போனது. எனக்குச் சுத்தமான பொலிஸ் சான்றிதழ் கிடைத்தது. அதைக் கொண்டுதான் இங்கே வந்தேன்.

இங்கே வந்தபிறகு வாரத்துக்கு ஒருநாள், மூடிக்கிடக்கும் அந்த சூப்பர் மார்க்கெட்டின் கார் நிறுத்துமிடத்துக்கு ஒரு தேவாலயத்து லொறி வரும். மரக்கறியும் கோழியும் இலவசமாகக் கொடுப்பார்கள். லொறி பத்து மணிக்கு வரும், ஆட்கள் ஏழு மணிக்கே நிற்பார்கள். எங்கள் கட்டடத்தில் கீழ்வீட்டில் இருக்கும் மிஸ் லொரேனும் நானும் சேர்ந்து போவோம். எழுபது வயது, சீனி வியாதி உள்ளவர், மடக்கு நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து வரிசையில் போட்டு உட்காருவார். அவர் பேசுவது எனக்குப் பாதிதான் விளங்கும். நான் பேசுவது அவருக்கு அதுவும் இல்லை. என்றாலும் பேசிக்கொண்டே இருப்போம்.

போன குளிர்காலத்தில் ஒரு காலை லொறி பாதிச் சுமையோடு வந்தது. வேறு ஒரு இடத்தில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்கள். முன்னால் இருந்தவர்களுக்குத்தான் கோழி கிடைக்கும் என்று யாரோ சொன்னதும் பின்வரிசை முன்னால் பாய்ந்தது. ஒருவன் லொறியின் பின்கதவில் ஏறிப் பெட்டிகளை வாரி இழுத்தான். இன்னொருவன் அவனுடைய ஜாக்கெட்டைப் பிடித்து இழுத்துத் தரையில் போட்டான். விழுந்தவனின் முகத்தில் சப்பாத்துகள் இறங்கின. பெண்கள் ஒருவரை ஒருவர் முடியைப் பிடித்து இழுத்தார்கள். எனக்கு இது புதிதாக இருக்கவில்லை. தொப்பி போட்ட ஒருவன் கோவாப் பெட்டி ஒன்றைத் தூக்கி, வழியை மறித்தவர்களை விலக்குவதற்காக வீசிச் சுழற்றினான். பெட்டியின் மூலை மிஸ் லொரேனின் தாடையில் பட்டது. நாற்காலியோடு விழுந்தார். பெட்டி உடைந்து கோவா உருண்டது. நான் என்ன செய்தேன் என்றால், இரண்டு கோவாவை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு லொறிச் சக்கரத்துக்குப் பின்னால் போய்க் குந்தினேன். அவர் தரையில் கிடப்பது தெரிந்தது. கோவாவை விடவில்லை.

அவரைத் தூக்கியது டாரெல். எங்கள் தெருக்காரர், நாற்பது நாற்பத்தைந்து வயது இருக்கும், சூப்பர் மார்க்கெட் இருந்த காலத்தில் அங்கே இறைச்சி வெட்டியவர். மிஸ் லொரேனின் தலையை மடியில் வைத்து, வாயிலிருந்து இரத்தத்தைத் தன் சட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார். பொலிஸ் வந்தபோது கூட்டம் கலைந்துவிட்டது. தொப்பிக்காரன் எப்போதோ ஓடிவிட்டான். இரத்தம் தோய்ந்த கையோடு இருந்தவர் டாரெல் ஒருவர்தான். ஒரு பொலிஸ்காரர் என்னிடம் வந்தார். நீ பக்கத்தில்தானே நின்றாய் என்பது போல ஏதோ கேட்டார். டாரெல்லைக் காட்டி இன்னும் கொஞ்சம் கேட்டார். வேகமான ஆங்கிலம். நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன், சொல்லுங்கள் என்பதற்காக, ஊரில் யார் பேசினாலும் செய்வதுபோல, 'ம்... ம்...' என்றேன். அவர் மறுபடி விரலை நீட்டிக் கேட்டார். நான் மறுபடி 'ம்' கொட்டினேன். அவர் தன் சிறு புத்தகத்தில் எழுதினார். டாரெல்லைக் காரின் மேல் கவிழ்த்து, முழங்காலால் முதுகை அழுத்தி, விலங்கு மாட்டினார்கள். இந்த நாட்டில் 'ம்' என்றால் ஆமாம் என்று அர்த்தம். அது எனக்கு உறைத்தபோது கார் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.

டாரெல் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை விவரிக்க எனக்குத் தெரியவில்லை.

குமாரிடம் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, பொலிஸில் போய் முதலில் சொன்னது பிழை என்று சொன்னால் நம்முடைய கிரீன் கார்டுக்கு ஏதாவது ஆகிவிடும் என்றார். "ஒங்கண்ணன் எதுக்கு உள்ள போனாரு? நீ இங்க வந்து மாட்டிக்கவா?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம்தான். மூன்று நாள் பேசாமல் இருந்தேன். கோவாவை வேகவைத்து, கடைந்து, வடிகட்டி மிஸ் லொரேனுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். உடைந்த தாடையைக் கம்பியால் கட்டியிருந்தார்கள். குழாயால் உறிஞ்சிக் குடித்தார். வாய் திறக்க முடியாதவர் ஒரு காகிதத்தில் 'டாரெல் எங்கே' என்று எழுதிக் காட்டினார். டாரெல்லைப் பொலிஸ் கொண்டுபோனது அவருக்குத் தெரியவில்லை. யாரும் சொல்லவில்லை.

மறுநாள் காலை பஸ் ஏறிப் பொலிஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். டெலிபோனில் ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பிடித்துக் கொடுத்தார்கள். ஒரு அம்மாவின் குரல். தமிழ்நாட்டில் எந்த ஊர் என்று கேட்டார். இலங்கை என்றேன். அப்படியானால் யாழ்ப்பாணமா என்றார். இல்லை, மலைநாடு, தேயிலைத் தோட்டம் என்றேன். உங்கள் பேச்சு எங்கள் திருச்சிப் பக்கத்து ஆட்கள் பேசுவதுபோல இருக்கிறதே என்றார். எங்கள் பாட்டனார்கள் அங்கிருந்து போனவர்கள் என்பதைச் சொல்ல அது நேரமில்லை. நான் 'ம்' கொட்டியதைச் சொன்னேன். அந்த அம்மா சட்டென்று சிரித்துவிட்டார். பிறகு மன்னிப்புக் கேட்டுவிட்டு, பொலிஸ்காரருக்கு நீளமாக விளக்கினார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. ஏன் உடனே வந்து சொல்லவில்லை என்று கேட்டார்.

"பயந்துட்டேங்க," என்றேன். "எனக்குப் பதிலா இன்னொருத்தர் மாட்டுறது எனக்குப் பழக்கமுங்க."

அந்த அம்மா, கடைசியாகச் சொன்னதையும் மொழிபெயர்க்க வேண்டுமா என்று என்னிடம் கேட்டார். வேண்டாம் என்றேன்.

டாரெல்லை விட்டுவிட்டார்கள். ஆனால் அதற்குள் ஒரு வாரம் போய்விட்டது, அவர் புதிதாகச் சேர்ந்திருந்த பேக்கரி வேலையும் போய்விட்டது. அதற்கு அடுத்த வாரம் லொறி வந்த அன்று, இப்போது இரண்டு பொலிஸ்காரர்கள் கைத்துப்பாக்கியோடு காவல் நிற்கும் வரிசையில், அவர் எனக்கு முன்னால் நின்றார். திரும்பி, மெதுவாக, எனக்கு விளங்க வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு சொல்லாக, நீ யெஸ் சொன்னாய் என்றார். அவரிடம் சொல்ல ஒரு வாரமாக ஆங்கிலத்தில் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். என் வாயிலிருந்து வந்தது 'ம்' மட்டும்தான். அவர் முன்பக்கம் திரும்பிக்கொண்டார். இன்றுவரை என்னோடு பேசவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், ஊரில் அப்போது பின்னேரம், அண்ணனிடம் பேசினேன். உண்மையை முத்தையா அண்ணனிடம் சொல்லப்போகிறேன் என்றேன். இவ்வளவு நாள் கழித்து எதற்கு என்று கேட்டார். பிறகு, "ஒம் மனசுக்கு எது சரியோ செய்யி. எனக்கு ஒண்ணும் இல்ல. பல்லு மொளைக்கப் போறதில்ல," என்று சொல்லி நம்பரைக் கொடுத்தார்.

முத்தையா அண்ணன் இப்போது, நாங்கள் கிழங்கு போட்ட அந்த மலைக்கே வாச்சர். அங்கே மறுபடி தேயிலை போட்டிருக்கிறார்களாம். என் குரல் என்று தெரிந்ததும் பிள்ளைகளைப் பற்றிச் சொன்னார். பெரியது தலவாக்கலையில் படிக்கிறது என்றார். நான் அதற்கு மேல் விடவில்லை. அன்றைக்கு அடித்தது சந்திரன் இல்லை, நான்தான் என்றேன்.

அவர் அப்போதும் மலையில்தான் நின்றிருந்தார். காற்றின் இரைச்சல் கேட்டது.

"தெரியும் தங்கச்சி," என்றார். "அடி விழுறதுக்கு முன்ன, பிள்ளைய விட வரும்போது கேக்குற உங்க வளையல் சத்தம் கேட்டுச்சு. அந்தக் காதுல கடைசியாக் கேட்ட சத்தமே அதான்."

பிறகு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"ஒரு பொம்பள அடிச்சு விழுந்தேன்னு எப்புடிச் சொல்றது? சந்திரன்தான்னு அவங்க எழுதிக் கொண்டாந்தாங்க. கையெழுத்து வச்சேன். அவன் உள்ள இருந்த நாளெல்லாம் எனக்குத் தூக்கமில்ல. நானும் உங்கண்ணிய உதைச்சேன் இல்லையா. அவங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லிருங்க."

மூன்று பேர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறோம். ஒருவர் அன்பினால், ஒருவர் வெட்கத்தினால், நான் விசாவுக்காக. நான் அழுவது கேட்டோ என்னவோ, அவர் பேச்சை மாற்றினார். மலையைப் பார்க்கிறீர்களா, வீடியோ போடுகிறேன் என்றார். போனைத் திருப்பிப் பிடித்தார். சரிவு தெரிந்தது. அண்ணன் அடுக்கிய கல் வரிசை அப்படியே இருந்தது. அதன் மேல் இளம் தேயிலைக் கன்றுகள், இடையிடையே யாருக்கும் தெரியாமல் முளைத்துக் கிடந்த இரண்டு மூன்று கிழங்குச் செடிகள். அவற்றை நான் பிடுங்குவதில்லை என்றார். திரையின் மூலையில் ஒரு சின்னச் சதுரத்தில் என் முகம். எனக்குப் பின்னால் ஜன்னல், ஜன்னலுக்கு அப்பால் பனி மூடிய தெரு.

அங்கே சிக்னல் எப்போதும் அப்படித்தான். படம் உறைந்துவிட்டது. புல்லும் கல்லும் கன்றுகளும் பாதி அசைவில் நின்றுபோயின. மலை அசையாமல் நின்றது. அதன் ஓரத்தில் ஒட்டிவைத்த என் முகம் மட்டும் இன்னும் உதட்டை அசைத்து, கேட்குதாண்ணே, கேட்குதாண்ணே என்று கேட்டுக்கொண்டிருந்தது.